ஜட்ஜுக்கும் ஓட்டு! லூசர்ன் கவுண்டியில் நடந்தது என்ன?

"அமெரிக்காவில் ஜட்ஜுகளைக்கூட ஜனங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்களாமே, தோழர்! நம் ஊரில் மேலிடத்திலிருந்து நியமித்து அல்லவா அனுப்புகிறார்கள்? அப்படியானால் அவர்கள் நமக்கு முன்னே போய்விட்டார்கள் என்றுதானே அர்த்தம்?"

மில் கேட் கூட்டம் முடிந்து மைக் செட்டுக்காரர் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்த நேரம். ஸ்பின்னிங் பகுதித் தொழிலாளி ஒருவர் நம்மை நிறுத்தி இப்படிக் கேட்டார். நாம் வாய் திறப்பதற்குள் பக்கத்தில் நின்ற வக்கீல் குமாஸ்தா ஒருவர் முந்திக்கொண்டார்.

"முன்னேயாவது, பின்னேயாவது! கண்டவனெல்லாம் ஓட்டுப் போட்டு ஜட்ஜை உட்கார வைத்தால் கோர்ட்டு சந்தைக்கடைதான். பணம் வாங்கிக்கொண்டு பச்சைப் பிள்ளைகளைச் சிறைக்கு அனுப்பினார்களே இரண்டு ஜட்ஜுகள், அவர்கள் ஓட்டு வாங்கி வந்தவர்கள்தானய்யா!"

இருவர் சொன்னதும் நடந்த விஷயம்தான். அங்கே ஜட்ஜுக்கு ஓட்டு உண்டு. ஓட்டு வாங்கி வந்த ஜட்ஜுகள் பிள்ளைகளை வைத்துக் காசு பார்த்ததும் உண்மை. ஆனால் அதிலிருந்து இருவரும் இழுத்த முடிவுகள் இருக்கின்றனவே, அவை இரண்டும் தப்பு. அன்று கடைசி பஸ்ஸுக்கு ஓட வேண்டியிருந்ததால் பேச்சைப் பாதியில் விட்டோம். பாக்கியை இங்கே எழுதுகிறோம்.

ஓட்டு எப்படி வந்தது?

கவுண்டி என்பது நம் ஜில்லாவைப் போன்ற ஒரு பிரிவு. சில கவுண்டிகள் நம் தாலுகாவை விடவும் சிறியவை. பெரும்பாலானவற்றுக்குச் சொந்தக் கோர்ட்டு, சொந்தச் சிறை, ஷெரீப் என்ற போலீஸ் தலைவர், சர்க்கார் தரப்பில் வழக்கு நடத்தும் பிராசிக்யூட்டர் உண்டு. பெரும்பாலான ராஜ்யங்களில் ஷெரீபுக்கு ஓட்டு, பிராசிக்யூட்டருக்கு ஓட்டு, உள்ளூர் ஜட்ஜுக்கும் ஏதோ ஒரு விதத்தில் ஓட்டு. மத்திய சர்க்காரின் கோர்ட்டுகளில் மட்டும் ஜனாதிபதி நியமித்து, செனட் சபை ஒப்புக்கொண்டு, ஆயுள் முழுவதும் பதவி.

இந்த ஓட்டைச் சீமான்கள் தங்கத் தாம்பாளத்தில் வைத்து ஜனங்களுக்குக் கொடுக்கவில்லை. கவர்னர்களும் சட்டசபைப் பெரிய மனிதர்களும் தங்கள் மாமன் மச்சான்களைக் கோர்ட்டில் உட்கார வைத்ததைக் கண்டு வெறுத்துப்போன காலத்தில் அது வந்தது. மிஸ்ஸிஸிப்பி ராஜ்யம் 1832-ல் எல்லா ஜட்ஜுகளுக்கும் ஓட்டு வைத்தது. நியூயார்க் 1846-ல். பென்சில்வேனியா 1850-ல். அந்த மட்டில் அது முன்னேற்றம்தான், மறுக்கவில்லை.

ஆனால் 1832-ல் மிஸ்ஸிஸிப்பியில் ஓட்டுப் போட்டவர் யார்? பருத்திக் காட்டில் முதுகொடிய வேலை செய்த நீக்ரோ அடிமைக்கு ஓட்டில்லை. பெண்ணுக்கு ஓட்டில்லை. அடிமை ஓடிப்போனால் பிடித்துவரச் சொல்லும் கோர்ட்டின் ஜட்ஜை அடிமையின் எஜமானர்கள் தேர்ந்தெடுத்தார்கள்! ஜட்ஜுக்கு ஓட்டு இருக்கிறதா என்று கேட்பதோடு நின்றால் போதாது என்பதற்கு இந்த ஒன்றே சாட்சி. யாருக்கு ஓட்டு, யார் மீது தீர்ப்பு? இதை மனதில் வைத்துக்கொண்டு லூசர்ன் கவுண்டிக்கு வாருங்கள்.

கரி பூமி

பென்சில்வேனியா ராஜ்யத்தின் வடகிழக்கில், சஸ்குவஹானா நதிக்கரையில் இருக்கிறது லூசர்ன் கவுண்டி. தலைநகரம் வில்க்ஸ்-பாரே. ஜனத்தொகை சுமார் 3 லட்சம். பூமிக்கடியில் முதல்தரமான கெட்டி நிலக்கரி. போலந்து, லிதுவேனியா, ஸ்லோவாகியா, இத்தாலி என்று எங்கெங்கிருந்தோ வயிற்றுப் பிழைப்புக்காகக் கப்பலேறி வந்த கூலிகள்தான் அந்தக் கரியை வெட்டி எடுத்தார்கள். நம் ஜனங்கள் இலங்கைக்கும் மலேயாவுக்கும் போனார்களே, அதைப்போல.

1897 செப்டம்பர் 10-ம் தேதி, வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்கள் லாட்டிமர் என்ற சுரங்க ஊரை நோக்கி ஊர்வலமாகப் போனார்கள். கையில் ஆயுதமில்லை. முன்னால் அமெரிக்கக் கொடியைப் பிடித்திருந்தார்கள். ஷெரீப் ஜேம்ஸ் மார்ட்டின் ஒரு துப்பாக்கிப் பட்டாளத்தைத் திரட்டிக்கொண்டு வந்து எதிரில் நின்றார். சுட்டார்கள். 19 பேர் பிணமானார்கள். பலருக்கு முதுகிலே குண்டு. அதாவது, திரும்பி ஓடியபோது சுட்டிருக்கிறார்கள்.

அந்த ஷெரீப் ஓட்டு வாங்கி வந்தவர். 1898-ல் வில்க்ஸ்-பாரேயில் அவர் மீதும் அவருடைய ஆட்கள் மீதும் வழக்கு நடந்த கோர்ட்டும் ஓட்டு வாங்கி வந்த ஜட்ஜின் கோர்ட்டுதான். தீர்ப்பு? எல்லோரும் விடுதலை! செத்தவர்களில் பலர் இன்னும் குடியுரிமை பெறாத அந்நியர்கள். ஓட்டில்லாதவன் செத்தான், ஓட்டு வாங்கியவன் சுட்டான், கோர்ட்டு கையைத் துடைத்துக்கொண்டது.

அதே பள்ளத்தாக்கில் 1959 ஜனவரி 22-ம் தேதி நாக்ஸ் கம்பெனியின் சுரங்கத்தில் ஆறு உடைத்துக்கொண்டு உள்ளே புகுந்தது. ஆற்றுக்கு அடியில் வெட்டக்கூடாத இடம்வரை லாப ஆசையில் வெட்டியதன் பலன். 12 பேர் மாண்டார்கள். உடல்கள்கூடக் கிடைக்கவில்லை. தொழிற்சங்கத்தின் ஜில்லாத் தலைவரே அந்தக் கம்பெனியில் இரகசியப் பங்காளியாக இருந்தார் என்பது பின்னால் வெளிவந்தது. (சங்கத்தில் இருக்கும் நமக்கு இது உறைக்க வேண்டிய இடம். மூடி மறைத்துப் பயனில்லை.) அதன் பிறகு அந்தப் பள்ளத்தாக்கில் ஆழச் சுரங்கத் தொழிலே படுத்துவிட்டது. வேலை போயிற்று. பாட்டன் சுரங்கத்தில் செத்தான், தகப்பன் வேலையில்லாமல் அலைந்தான். பேரப் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்பதுதான் இனி வரும் கதை.

பிள்ளைக்கு விலை

மார்க் சியாவரெல்லா 1995-ல் இந்தக் கவுண்டியின் ஜட்ஜாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1996 முதல் 2008 வரை சிறுவர் கோர்ட்டு அவர் கையில். மைக்கேல் கொனஹான் 1993-ல் தேர்ந்தெடுக்கப்பட்டவர். 2002-ல் தலைமை ஜட்ஜானார். கோர்ட்டின் வரவு செலவு அவர் சாவியில்.

கவுண்டிக்குச் சொந்தமாக ஒரு சிறுவர் காவல் விடுதி இருந்தது. பழைய கட்டிடம்தான். கொனஹான் என்ன செய்தார்? அதற்கு இனிப் பணமில்லை, பிள்ளைகளை அங்கே அனுப்ப மாட்டோம் என்று 2002 கடைசியில் அதை மூட வைத்தார். அடுத்த சில வாரங்களில் ஒரு தனியார் கம்பெனியின் புத்தம் புதிய விடுதி திறந்தது. பங்காளிகளில் ஒருவர் ராபர்ட் பவல் என்ற வக்கீல். கட்டியவர் ராபர்ட் மெரிக்கல் என்ற பெரும் காண்டிராக்டர். 2003 ஜனவரியிலேயே ஜட்ஜுகளுக்கு முதல் தவணை கைமாறியது: 9,97,600 டாலர். அடுத்தடுத்த வருஷங்களில் அது மொத்தம் 28 லட்சம் டாலர் வரை போயிற்று என்பது சர்க்கார் தரப்புக் கணக்கு. 2004-ல் கவுண்டி அந்தக் கம்பெனியோடு 20 வருஷக் குத்தகை போட்டது. தொகை 5 கோடியே 80 லட்சம் டாலர். யார் பணம்? வரி கட்டும் ஜனங்களின் பணம்.

லாட்ஜ் கட்டினால் ஆள் வந்து தங்க வேண்டும். சிறுவர் சிறையில் வியாபாரம் செய்தால் சிறுவர்கள் வேண்டும். ஆள் பிடித்துக் கொடுக்கும் வேலை சியாவரெல்லாவினுடையது. வழக்கு ஒன்றுக்கு இரண்டு மூன்று நிமிஷம்! பள்ளிக்கூடத்தில் கைகலப்பு, கடையில் சில்லறைத் திருட்டு, இப்படிப்பட்ட விஷயங்களுக்கெல்லாம் பிள்ளையின் காலில் விலங்கைப் பூட்டித் தாயின் கண் முன்னாலேயே இழுத்துப்போனார்கள். சிறுவர்களுக்கும் வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு என்று அமெரிக்காவின் தலைமைக் கோர்ட்டு 1967-லேயே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. லூசர்னில் என்ன நடந்தது? "வக்கீல் வேண்டாம்" என்று ஒரு காகிதத்தில் கையெழுத்து. வக்கீல் வைத்தால் கேஸ் இழுக்கும், செலவாகும், கையெழுத்துப் போட்டால் சீக்கிரம் முடியும் என்று நம்பிப் பெற்றோர் போட்டார்கள். சீக்கிரம் முடிந்தது! அந்தக் கோர்ட்டில் நின்ற பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வக்கீலே இல்லை.

வெற்றுக் காகிதத்தில் கைநாட்டு வாங்கிக்கொண்டு பிறகு அதில் தன் இஷ்டத்துக்கு எழுதிக்கொள்ளும் மிராசுதாரை நம் விவசாயத் தொழிலாளிக்குத் தெரியும். அந்த வித்தைக்கு அங்கே கறுப்பு அங்கி போர்த்தியிருந்தார்கள்.

2007-ல் ஒரு பள்ளி மாணவி தன் பள்ளியின் உதவித் தலைமையாசிரியையைக் கிண்டல் செய்து கம்ப்யூட்டரில் ஒரு பக்கம் எழுதினாள். இது விளையாட்டு என்று அதிலேயே எழுதியும் வைத்திருந்தாள். மூன்று மாதம் காவல்! அவளுடைய தாய் சும்மா இருக்கவில்லை. தெரிந்த இடத்திலெல்லாம் டெலிபோன் செய்தார். கடைசியில் பிலடெல்பியா நகரத்தில் சிறுவர்களுக்காக வழக்காடும் சட்ட உதவி நிலையம் ஒன்று டெலிபோனை எடுத்துக் கேட்டது. கோட்டை சரிய ஆரம்பித்தது அந்த டெலிபோனில்தான்.

2009 ஜனவரியில் மத்திய சர்க்கார் இரு ஜட்ஜுகள் மீதும் வழக்குப் போட்டது. அதே வருஷம் அக்டோபரில் பென்சில்வேனியாவின் தலைமைக் கோர்ட்டு 2003 முதல் 2008 மே வரை சியாவரெல்லா சிறுவர்களுக்கு விதித்த தண்டனைகளை ரத்துச் செய்தது. ஏறத்தாழ 4,000 வழக்குகள்! கொனஹான் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 17½ வருஷம் சிறை. சியாவரெல்லாவை ஜூரி 39 குற்றச்சாட்டுகளில் 12-ல் குற்றவாளி என்றது. மற்றவற்றில் விட்டுவிட்டது. 2011 ஆகஸ்டில் அவருக்கு 28 வருஷம்.

சரி, பணம் கொடுத்தவர்கள்? வக்கீல் பவலுக்கு 18 மாதம். காண்டிராக்டர் மெரிக்கலுக்கு 1 வருஷம்! அவர்கள் சர்க்காருக்குச் சாட்சி சொல்லி உதவினார்களாம். வாங்கியவனுக்கு 28 வருஷம், கொடுத்தவனுக்கு 12 மாதம். இதைப் பற்றி அங்கே பெரிய பத்திரிகைகள் வாய் கிழியப் பேசவில்லை. "கெட்டுப்போன இரண்டு ஜட்ஜுகள்" என்பதே எங்கும் பேச்சாயிருந்தது.

எதிரி இல்லாத தேர்தல்

இப்போது நம் ஸ்பின்னிங் தோழரின் கேள்விக்கு வருகிறோம். ஓட்டு இருந்ததே, ஜனங்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?

பென்சில்வேனியாவில் கவுண்டி ஜட்ஜுக்குப் பதவிக்காலம் 10 வருஷம். முதல் தடவை மட்டும் போட்டி உண்டு. அதிலும் ஒரே அபேட்சகர் இரண்டு பெரிய கட்சிகளின் உட்கட்சித் தேர்தலிலும் பெயர் கொடுக்கலாம். இரண்டிலும் ஜெயித்துவிட்டால் கடைசித் தேர்தலில் எதிரில் ஆளே இருக்காது! 10 வருஷம் முடிந்ததும் அவர் மறுபடி போட்டியிட வேண்டியதில்லை. "இன்னாரை இன்னொரு தவணை வைத்துக்கொள்ளலாமா? ஆம், இல்லை" என்று மட்டும் சீட்டில் அச்சடித்திருக்கும். 1968 அரசியல் சட்டத்தில் வந்த ஏற்பாடு இது, இன்றும் இதுதான். எதிர் அபேட்சகர் கிடையாது. ஜட்ஜு என்ன செய்தார் என்று மேடை போட்டுச் சொல்வாரும் இல்லை. பெயரைத் தவிர ஒன்றும் தெரியாத ஓட்டர் "ஆம்" என்று குத்திவிட்டு வீட்டுக்குப் போகிறார். தப்பித்தவறி அயோக்கியன் என்று தெரிந்துவிட்டால் நடுவில் இறக்க முடியுமா? அந்த ராஜ்யத்தில் ஜட்ஜைத் திருப்பி அழைக்கும் உரிமை ஜனங்களுக்கு இல்லை.

தேதிகளைக் கவனியுங்கள். 2003 ஜனவரியில் முதல் பணம் வந்தது. அதே 2003-ல் கொனஹானுக்கு "ஆம்". 2005-ல் சியாவரெல்லாவுக்கு "ஆம்". லஞ்சப் பணம் பாங்கில் வட்டி போட்டுக்கொண்டிருந்தபோதே ஜனங்கள் அவர்களை இன்னும் பத்து வருஷம் இருக்கச் சொன்னார்கள்!

ஏன்? ஜனங்கள் முட்டாள்களா? குமாஸ்தா நண்பர் அப்படித்தான் சொல்வார். நாம் வேறு காரணம் சொல்கிறோம்.

முதலாவது, சிறுவர் கோர்ட்டுக் கதவு பொதுஜனங்களுக்குப் பெரும்பாலும் மூடியே கிடக்கும். பிள்ளைகளின் பெயர் கெடாமல் இருக்கவேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் செய்த ஏற்பாடு. அந்தக் கதவுக்குப் பின்னால்தான் கொள்ளை நடந்தது. உள்ளே போய்ப் பார்க்க முடியாத அறையைப் பற்றி வெளியே நிற்பவனிடம் ஓட்டுக் கேட்டால் அவன் என்ன பதில் சொல்வான்?

இரண்டாவது, 1999-ல் கொலராடோ ராஜ்யத்துக் கொலம்பைன் பள்ளியில் இரண்டு மாணவர்கள் துப்பாக்கியால் சுட்டுப் பலரைக் கொன்ற பிறகு அமெரிக்கா முழுவதும் பெற்றோரைப் பயம் பிடித்துக்கொண்டது. சியாவரெல்லா பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய், என் முன்னால் வந்தால் தயவு தாட்சணியம் கிடையாது என்று முழங்கினார். வாத்தியார்கள் கைதட்டினார்கள். பெற்றோரும் தட்டினார்கள். தன் பிள்ளை மாட்டுகிறவரை எல்லோருக்கும் கடுமையான ஜட்ஜு பிடிக்கும்! இதை நாம் மழுப்பிப் பேச விரும்பவில்லை. பயந்த ஜனங்களின் ஓட்டு ஏழையின் கழுத்துக்குக் கத்தியாவதும் உண்டு.

மூன்றாவதுதான் அடிப்படையான விஷயம். அந்தக் கோர்ட்டில் குற்றவாளியாக நின்றவன் 14 வயதுப் பையன். அவனுக்கு ஓட்டு உண்டா? இல்லை! ஜட்ஜைத் தேர்ந்தெடுத்தவர்களில் ஒருவர்கூட அந்த ஜட்ஜின் முன் விலங்கோடு நிற்கப்போகிறவர் இல்லை. லாட்டிமரில் செத்தவனுக்கு ஓட்டில்லை, லூசர்னில் விலைபோன பிள்ளைக்கும் ஓட்டில்லை. நூறு வருஷம் கழிந்தும் சங்கதி மாறவில்லை பார்த்தீர்களா!

ஆகவே ஸ்பின்னிங் தோழருக்கு நம் பதில் இது: ஜட்ஜுக்கு ஓட்டு இருக்கிறது என்று கேட்டதும் மயங்கிவிடாதீர்கள். தீர்ப்புக்கு ஆளாகிறவன் கோர்ட்டைப் பார்க்க முடிகிறதா, எதிர்த்துப் பேச முடிகிறதா, தப்புச் செய்தவனை நடுவில் இறக்க முடிகிறதா? இவை இல்லாத ஓட்டு பத்து வருஷத்துக்கு ஒரு தடவை ஒட்டும் முத்திரை ஸ்டாம்பு.

குமாஸ்தா சொல்லும் வைத்தியம்

லூசர்ன் நாறியதும் அமெரிக்காவில் கனவான்கள் பலர் ஒரே குரலில் பாட ஆரம்பித்தார்கள். ஓட்டை எடுத்துவிடுங்கள், படித்த வக்கீல்களைக் கொண்ட கமிட்டி போடுங்கள், கமிட்டி பொறுக்கிக் கொடுக்கட்டும், கவர்னர் நியமிக்கட்டும்! கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் அந்த ராஜ்யத்தில் ஏற்கெனவே ஒரு போர்டு இருந்தது. ஜட்ஜுகளின் நடத்தையை விசாரிப்பதற்கென்றே ஏற்பட்டது. 12 பேர், 6 பேரைக் கவர்னர் நியமிக்கிறார், 6 பேரைத் தலைமைக் கோர்ட்டு நியமிக்கிறது. ஓட்டு என்ற பேச்சே இல்லை. 2006-லேயே கொனஹான் மீது அந்தப் போர்டுக்குப் பிராது போயிற்று. அது கிடப்பிலே கிடந்தது! பின்னால் விசாரித்த கமிஷன் 2010-ல் கொடுத்த அறிக்கையைப் பாருங்கள். பிராசிக்யூட்டர் தரப்பு வக்கீல்கள், ஏழைகளுக்கென்று சர்க்கார் வைத்த வக்கீல்கள், நன்னடத்தை அதிகாரிகள், எல்லோரும் தினந்தோறும் அந்தக் கோர்ட்டில் நின்றார்கள். எல்லோரும் பார்த்தார்கள். எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். அத்தனை பேரும் படித்தவர்கள், குமாஸ்தா நண்பரே! பட்டம் வாங்கியவர்கள்! டெலிபோன் செய்தது யார்? ஒரு தாய்.

நியாயத்துக்கு ஒன்றையும் ஒப்புக்கொள்கிறோம். கடைசியில் அந்த இரு ஜட்ஜுகளையும் தண்டித்தது ஓட்டில்லாமல் நியமனம் பெற்ற மத்தியக் கோர்ட்டுதான். சட்ட உதவி நிலையம் 2008-ல் முறையிட்டபோது ஓட்டு வாங்கி வந்த ராஜ்யத் தலைமைக் கோர்ட்டு முதலில் தள்ளிவிட்டது. மத்திய வழக்கு வந்த பிறகுதான் விழித்தது. இதை மறைத்துவிட்டு வாதம் செய்வது நமக்கு அழகல்ல. ஆனால் மத்தியக் கோர்ட்டின் கை எட்டியது இரண்டு பேரைச் சிறையில் போடும்வரைதான். அதுவும் ஆறு வருஷம் பிள்ளைகள் சீரழிந்த பிறகு.

பணமூட்டை எங்கே ஒளிந்திருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறோம். கவுண்டிக் கோர்ட்டுக்கு மேலே ராஜ்யத்தின் உயர்ந்த கோர்ட்டு. மேற்கு வர்ஜீனியாவில் அதற்கும் ஓட்டுத்தான். மாஸ்ஸி நிலக்கரிக் கம்பெனி ஒரு சிறு சுரங்க முதலாளியை மோசம் செய்து ஒழித்தது என்று 2002-ல் ஜூரி 5 கோடி டாலர் நஷ்ட ஈடு கொடுக்கச் சொன்னது. அப்பீல் போக வேண்டும். கம்பெனித் தலைவர் டான் பிளாங்கன்ஷிப் என்ன செய்தார்? 2004 தேர்தலில் 30 லட்சம் டாலர் செலவழித்து, இருந்த ஜட்ஜைத் தோற்கடித்து, பிரெண்ட் பெஞ்சமின் என்பவர் ஜெயிக்க வழி செய்தார். 2007-ல் அப்பீல் வந்தது. 3-க்கு 2 என்ற ஓட்டில் கம்பெனிக்கு ஜெயம். மூவரில் ஒருவர் பெஞ்சமின்! அமெரிக்காவின் தலைமைக் கோர்ட்டு 2009-ல் அவர் விலகியிருக்க வேண்டும் என்றது. அதையும் 5-க்கு 4 என்ற ஓட்டில்தான் சொல்ல முடிந்தது. 9 பேரில் 4 பேருக்கு இதில் ஒரு வாடையும் அடிக்கவில்லை! மறுவிசாரணையில் பெஞ்சமின் இல்லாமலே கம்பெனி மறுபடி ஜெயித்தது என்பது தனிக்கதை. அதே கம்பெனியின் சுரங்கம் 2010 ஏப்ரல் 5-ம் தேதி வெடித்து 29 தொழிலாளர்கள் கருகிப்போனார்கள். சுரங்கப் பாதுகாப்பு விதிகளை மீறச் சதி செய்ததாகத் தீர்ப்பாகி பிளாங்கன்ஷிப்புக்குக் கிடைத்தது 1 வருஷச் சிறை.

அதே ஓட்டை ஜனங்கள் திருப்பியபோது

ஓட்டினால் பயனே இல்லை என்று சொல்லிவிட்டால் நாமும் குமாஸ்தா பக்கம் சேர்ந்தவர்களாவோம். டெக்ஸாஸ் ராஜ்யத்தில் ஹூஸ்டன் நகரம் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியைப் பாருங்கள்.

அங்கே சில்லறைக் குற்றங்களை விசாரிக்க 16 கோர்ட்டுகள். பிடிபட்டவர் ஜாமீன் பணத்தைக் கட்டினால் வீடு, கட்டாவிட்டால் சிறை. டெலிவிஷனில் முகம் காட்டச் சொல்லி ஒரு நிமிஷத்தில் ஜாமீன் தொகையைச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். குழந்தையுள்ள ஒரு இளம் தாய் செல்லாத லைசென்ஸோடு கார் ஓட்டினார் என்று பிடித்தார்கள். ஜாமீன் 2,500 டாலர்! அவரிடம் இல்லை. 2016-ல் அவர் பெயரில் வழக்கு. 2017 ஏப்ரலில் மத்திய ஜட்ஜு லீ ரோசந்தால், பணமில்லை என்ற ஒரே காரணத்துக்காகச் சில்லறைக் குற்றம் சாட்டப்பட்டவர்களை அடைத்து வைப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று தடை போட்டார். கவுண்டி ஜட்ஜுகளில் பெரும்பாலோர் விடவில்லை. அப்பீலுக்குப் போனார்கள். ஏழையை உள்ளே வைத்திருப்பதற்காக ஜனங்களின் வரிப்பணத்தில் வக்கீல் பீஸ்!

2018 நவம்பர் தேர்தல் வந்தது. எண்ணி முடித்துப் பார்த்தால் 16 கோர்ட்டுகளும் டெமாக்ரடிக் கட்சி அபேட்சகர்கள் கையில். அந்தக் கவுண்டியின் பலதரப்பட்ட கோர்ட்டுகளுக்கு நீக்ரோ வம்சத்துப் பெண்கள் 17 பேர் அந்த ஒரே தேர்தலில் ஜட்ஜுகளானார்கள். புதியவர்கள் 2019 ஜனவரியில் வந்ததும் அப்பீலை வாபஸ் வாங்கினார்கள். பெரும்பாலான சில்லறை வழக்குகளில் பணமில்லாமலே வெளியே வரலாம் என்று அதே வருஷம் கோர்ட்டில் உடன்படிக்கை பதிவாயிற்று.

எல்லா ஓட்டரும் ஜாமீன் பிரச்னையைப் படித்துவிட்டு ஓட்டுப் போட்டார்கள் என்று நாம் அளக்கவில்லை. அப்போது டெக்ஸாஸில் ஒரே குத்தில் ஒரு கட்சியின் எல்லா அபேட்சகர்களுக்கும் ஓட்டுப் போடலாம். பலர் அப்படித்தான் போட்டார்கள். (அந்த வசதியை 2020 தேர்தலிலிருந்து ராஜ்ய சட்டசபை எடுத்துவிட்டது! 2021-ல் ஜாமீன் சட்டத்தையும் இறுக்கியது.) டெமாக்ரடிக் கட்சி தொழிலாளியின் கட்சி என்றும் நாம் சொல்லவில்லை. ஆனால் சிறைக் கதவு ஏழைக்குத் திறந்தது. நியமனக் கமிட்டியை நம்பி உட்கார்ந்திருந்தால் அந்தப் பழைய ஜட்ஜுகளை யார் அசைத்திருப்பார்கள்?

திருப்பி அழைக்கும் உரிமையும் அமெரிக்காவில் இல்லாமல் இல்லை. கலிபோர்னியாவில் உண்டு. பணக்காரப் பல்கலைக்கழகத்து நீச்சல் வீரன் ஒருவன் மயங்கிக் கிடந்த பெண்ணைக் கெடுக்க முயன்ற குற்றத்துக்கு ஆறே மாதம் தண்டித்த சாண்டா கிளாரா கவுண்டி ஜட்ஜு ஆரன் பெர்ஸ்கியை 2018 ஜூனில் ஜனங்கள் ஓட்டுப் போட்டு இறக்கினார்கள். இதைப் பார்த்துப் பயந்து மற்ற ஜட்ஜுகள் ஏழைகள் மீதும் கடுமை காட்டுவார்களே என்று அங்கே ஏழைகளுக்கு வழக்காடும் வக்கீல்கள் பலர் எச்சரித்தார்கள். அந்தப் பயம் நியாயமானது. லூசர்னில் கைதட்டிய பெற்றோரை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் அந்த உரிமை லூசர்ன் தாய்மார்களுக்கு இருந்திருந்தால் 2008 வரை காத்திருந்திருப்பார்களா?

பென்சில்வேனியாவில் 2012-ல் சட்டம் திருந்தியது. கோர்ட்டுக்கு வரும் எந்தப் பிள்ளையையும் ஏழை என்றே கருதி வக்கீல் கொடுக்க வேண்டும். பெற்றோரிடம் கையெழுத்து வாங்கும் சங்கதி ஒழிந்தது. நல்லது. ஆனால் "ஆம், இல்லை" சீட்டு அப்படியே இருக்கிறது. பத்து வருஷம் அப்படியே இருக்கிறது.

2022-ல் ஒரு மத்திய ஜட்ஜு, சியாவரெல்லாவும் கொனஹானும் சேர்ந்து, பாதிக்கப்பட்டு வழக்குத் தொடுத்த ஏறத்தாழ 300 பேருக்கு 20 கோடியே 60 லட்சம் டாலர் நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தார். அது வசூலாகும் என்று வழக்கு நடத்திய வக்கீல்களே எதிர்பார்க்கவில்லை. அந்தப் பிள்ளைகளில் சிலர் குடியிலும் போதை மருந்திலும் விழுந்து ஏற்கெனவே செத்துப்போனார்கள். கொனஹானை 2020-ல் கொரோனாவைச் சொல்லிச் சிறையிலிருந்து வீட்டுக் காவலுக்கு அனுப்பினார்கள். 2024 டிசம்பரில் ஜனாதிபதி பைடன் சுமார் 1,500 பேருக்குத் தண்டனையைக் குறைத்தார். அந்த ஜாபிதாவில் கொனஹானும் இருந்தார். லூசர்ன் ஜனங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ஆம், இல்லை" சீட்டுக்கூட அச்சடிக்கவில்லை.

ஸ்பின்னிங் தோழரும் குமாஸ்தா நண்பரும் அடுத்த கேட் கூட்டத்துக்கும் வருவார்கள். பதில் இருந்தால் சொல்லட்டும். கடைசி பஸ் போனாலும் போகட்டும், நாம் இருக்கிறோம்.